ஆறு இயந்திரங்களும் ஒரு ராகு காலமும்

என்னைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை. அவர்களுக்கு வாய்ப்புத் தராமல் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். 2012இல் சிட்னியில் நான் இருந்தது நிறுவனம் ஸ்பான்ஸர் செய்த விசாவில். வேலை போனால் இருபத்தெட்டு நாளுக்குள் வேறு ஸ்பான்ஸரைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நான், மனைவி, பள்ளிப் படிப்பின் நடுவில் இருக்கும் மகள் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். மேலாளர் தும்மினால்கூடப் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்கி டேட்டாபேஸுக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருள் ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்கு இணைப்பு அமைப்பது என் வேலை. அந்த டேட்டாபேஸ் ஒரே இடத்தில் இருக்காது. ஆறு இயந்திரங்களில் பரவிக் கிடக்கும். சோதனை செய்ய மூன்று இயந்திரங்கள் தனியே உண்டு. இணைப்புக் கோப்பில் ஒன்றின் முகவரி இருந்தால் போதும், மற்றவற்றை அதுவே அறிமுகம் செய்துவைக்கும். கல்யாண வீட்டில் ஒரு மாமாவைத் தெரிந்தால் பந்தி வரை போய்விடலாம் அல்லவா, அப்படி.

நான் அந்த ஆறு இயந்திரங்களுக்கான நிஜக் கோப்பை நகலெடுத்துத் திருத்தினேன். மேலே சோதனை முகவரிகள் மூன்றையும் எழுதினேன். கடைசி வரியில் நிஜ முகவரி ஒன்று அழிபடாமல் கிடந்ததைப் பார்க்கவில்லை. மேலே உள்ளவை பதில் சொல்லிக்கொண்டிருக்கும்வரை அதை யாரும் கூப்பிடப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சோதனை என்று திட்டம். வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். வீட்டு அலமாரி நிறையப் பகுத்தறிவுப் புத்தகம் வைத்திருப்பவன் நான். ஆனால் அவற்றை எழுதியவர்கள் யாரும் ஸ்பான்ஸர் விசாவில் இருந்ததில்லை. பிளாக்டவுன் மளிகைக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டரை மேசை இழுப்பறையில் திறந்து பார்த்துக்கொண்டே காத்திருந்து, பன்னிரண்டு ஐந்துக்குப் பட்டனை அழுத்தினேன்.

இணைப்பு கிடைத்தது என்றது திரை. இயந்திரங்கள்: ஆறு.

மூன்றுதானே வர வேண்டும்?

சோதனையின் முதல் படியே பழைய பதிவுகளை மொத்தமாக அழிப்பது. அந்தக் கட்டளை ஏற்கெனவே போய்விட்டது. திரை அசையவில்லை. எங்கோ ஒரு வார்டில் ஒரு டாக்டர் யாருடைய ரத்த முடிவையோ தேடிக்கொண்டிருப்பார், அது இருக்காது. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த நோயாளிக்கு முன்னால் எனக்கு நினைவு வந்தது இருபத்தெட்டு.

பக்கத்து மேசையில் இருந்தவர் அந்த ஆறு இயந்திரங்களையும் பார்த்துக்கொள்ளும் இலங்கைத் தமிழர்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

"என்ன தம்பி, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு? கன்ரீன் சாப்பாடோ?"

"ஆறு," என்றேன். திரையைக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். கேலி நின்றுவிட்டது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அப்போது சிவப்பில் ஒரு வரி வந்தது. ஓர் இயந்திரம் பதில் தரவில்லை, கட்டளை நிறைவேறவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்பிட்டீங்கள். டிஸ்க் மாத்த எண்டு காலமை ஒண்டை நிப்பாட்டினனான். பட்டியலில பேர் ஆறும் வரும், ஆனா ஆறும் உயிரோட இருந்தாத்தான் இது மொத்தமா அழிக்கும்."

"அப்போ ரிசல்ட் எல்லாம்?"

"ஓம், அப்பிடியே இருக்கு." கடைசி வரியில் விரலை வைத்தார். "டெஸ்ட் மெஷின் மூண்டையும் வெள்ளியில பன்னிரண்டுக்கு ரீஸ்டார்ட் செய்யிறவை. அதுதான் இது இங்க ஓடி வந்திருக்கு. பத்தரைக்கே செய்திருந்தா ஒண்டும் நடந்திராது. ஏன் பிந்தினது?"

இழுப்பறையைத் திறந்து காலண்டரைக் காட்டினேன். அக்கா அதையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, போன ஞாயிறு டேலைட் சேவிங் எண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவங்கள். சூரியனுக்கு இப்ப பதினொரு மணிதான். ராகு காலத்துக்கு நட்டநடுவில நிண்டு அமத்தியிருக்கிறீங்கள்."

காலண்டரை உள்ளே தள்ளி இழுப்பறையை மூடினேன்.

"மனேஜரிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்கோ," என்றார். "அவராக் கண்டுபிடிச்சா வேற கதை."

போனேன். மேலாளர் எப்போதும் அரைக்கால் சட்டையில் வரும் வெள்ளைக்காரர். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கேட்டு முடித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: திட்டம் பத்தரைக்குத்தானே, ஏன் பன்னிரண்டு?

ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை அழிக்கப் பார்த்ததை ஒத்துக்கொண்ட எனக்கு இதை ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. "மத காரணம்," என்றேன்.

அவர் முகம் மாறிப்போயிற்று. அதைப் பற்றி இத்தனை நாள் கேட்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். இனி இணைப்புக் கோப்புகளை இன்னொருவரும் சரிபார்க்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். வேலை போகவில்லை.

திங்கட்கிழமை அலுவலக நாட்காட்டியில் என் பெயருக்கு நேரே ஒரு கட்டம் முளைத்திருந்தது. வெள்ளிதோறும் பத்தரை முதல் பன்னிரண்டு வரை பிரார்த்தனை, தொந்தரவு செய்ய வேண்டாம். ஒரு சின்ன அறையும் ஒதுக்கியிருந்தார். வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். என்ன மதம் என்று யாராவது விவரம் கேட்டுவிடக் கூடாதே என்று கும்பிட்டேன், நிஜமாகவே.

கதவை யாரோ தட்டினார்கள். அக்கா தலையை மட்டும் நீட்டினார்.

"தம்பி, ராகு காலத்தைப் பதினொண்டரைக்கு மாத்தச் சொல்லட்டே?"