முப்பத்தாறு டிகிரி நாத்தனார்

இரண்டாயிரத்து மூன்றாம் வருடக் கோடையில் சிங்கப்பூரில் தினமும் வேலைக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம் வாயைத் திறப்பது. பேசுவதற்கல்ல, அதற்கு எனக்கு யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அதுதான் கஷ்டம். பள்ளிக்கூடக் கேன்டீனில் சோறு பரிமாறுகிறவள் நான். சார்ஸ் என்ற புதுக் காய்ச்சல் ஊரை மிரட்டிக்கொண்டிருந்ததால், உடம்புச் சூட்டை நோட்டில் எழுதி, சட்டையில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். திருவண்ணாமலையில் நெற்றியைப் பார்த்தால் கோயிலுக்குப் போய் வந்தவள் என்று தெரியும். இங்கே தோளைப் பார்த்தால் காய்ச்சல் இல்லாதவள் என்று தெரியும். நானும் அதைப் பதக்கம் போல மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறேன் என்றதும் கடை முதலாளி மிஸஸ் டான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நோய் இருக்கும் ஊரில் அவர் இருக்கிறார், நான் அதைவிட்டு வெளியே போகிறேன். கவலைப்பட்டது என்னவோ அவர்தான். தண்ணீர், பஸ், கூட்டம் என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். தைரியம் சொல்லலாமென்று என் அரைகுறை ஆங்கிலத்தில் எங்கள் மலையைப் பற்றி எடுத்துவிட்டேன். அந்த மலையே நெருப்புதான், பௌர்ணமிக்கு லட்சம் பேர் வெறுங்காலோடு அதைச் சுற்றுவோம் என்றேன்.

"கடைசியா எப்ப வெடிச்சது?" என்று கேட்டார்.

"வருஷா வருஷம் உச்சியில எரியும். எல்லாரும் நின்னு கும்பிடுவோம்" என்றேன் பெருமையாக.

அவர் உடனே ஒரு பெட்டி முகமூடியும் ஒரு தெர்மாமீட்டரும் என் பையில் வைத்தார். அவர் எரிமலையை நினைத்துவிட்டார் என்பது விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. முகமூடிக்குள்ளேயே நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாலியில் மாப்பிள்ளை போடுவது ஒரு முடிச்சு. மற்ற இரண்டும் நாத்தனார் பாடு. தம்பி சேகருக்கு நான் ஒரே அக்கா. கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காவிட்டாலும், அந்த இரண்டு முடிச்சுக்காகவே நான் தனியாகக் கடல் தாண்டி வந்தேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, கீழ்பென்னாத்தூரிலிருந்து பெண்ணின் அப்பா ஏழுமலை மாமா மொபெட்டில் வந்தார். பின்னால் அவர் மனைவி, முன்னால் வேர்க்கடலை மூட்டை, அதன்மேல் ஒரு கட்டு வாழையிலை. ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, மறு கையால் துண்டை மூக்கில் அழுத்தியிருந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"தப்பா நெனைக்காதம்மா. உங்க ஊர்ல இன்னாவோ நோயாமே, பக்கத்துல நின்னாலே ஒட்டிக்குமாம். முடிச்சு போட வேற யாரயனா பாருங்க."

"வேற யாருக்கு நான் எங்க போவேன் சம்பந்தி?" என்றாள் அம்மா. "நான் பெத்ததே ஒரு பொண்ணு, ஒரு புள்ள."

"அப்ப பத்து நாள் தனியா இருக்கட்டும். தீட்டு மாதிரி நெனைச்சுக்கங்க."

நோயாளிகளோடு பழகியவர்களைச் சிங்கப்பூர் சர்க்காரும் பத்து நாள்தான் வீட்டில் உட்கார வைத்தது. யார் யாரிடம் படித்தார்களோ! என்னிடம்தான் பத்து நாள் இல்லை. "தினமும் காலையில நீங்களே வந்து பாருங்க மாமா. சூடு ஏறினா நானே மண்டபத்துப் பக்கம் வரமாட்டேன்" என்று தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினேன்.

முதல் நாள் முப்பத்தாறு புள்ளி எட்டு. மாமா இரண்டடி பின்னால் போனார். "முப்பத்தாறா? உசுரோட கீற மனுசனுக்குத் தொண்ணூத்தெட்டு இருக்கணுமேம்மா!" மைலும் கிலோமீட்டரும் போல அது வேறு அளவு என்று புரியவைப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. அடுத்த நாளும் அதே எண். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "இன்னிக்கு எவ்ளோக்கா?" என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் பௌர்ணமி. சிவந்த கண்ணோடு வந்த மாமா, "இந்த மிசின் மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. எனக்கு வெச்சுக் காட்டு பாப்போம்" என்றார். சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன். முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. "பாத்தியா, உனக்கு மேல ரெண்டு ஜாஸ்தி!" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"மாமா, அது நூத்திரண்டு டிகிரி காய்ச்சல்!"

"அட, இது வெயிலுக்கு வந்ததும்மா. நாலு நாளா பத்திரிகை வெச்சிக்கினு அலையறேன். வருசா வருசம் வரும், போவும். இத எனக்குத் தெரியும்" என்றார், சொந்தக்காரரை அறிமுகப்படுத்துவது போல.

அம்மா விடுவாளா? "அப்ப உங்க சட்டப்படி உங்களையும் மண்டபத்துல விடக் கூடாதே சம்பந்தி!"

தெரு சிரித்தது. மாமாவும் சிரித்தார், சிரித்தபடியே கேட்டில் சாய்ந்துவிட்டார்.

பௌர்ணமிக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. அவருடைய மொபெட்டையே சேகர் ஓட்ட, மாமா நடுவில், அவரைப் பிடித்தபடி நான் பின்னால். டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியில் பஸ், மாடு, கிரிவலக்காரர்கள், முழங்காலை உரசிப் போன ஒரு லாரி. சார்ஸ் ஊரில் மூன்று வேளையும் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கிய நான், அந்த ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவாடா, மெதுவாடா" என்று கத்தினேன். காலரா ஊசிக்குக்கூட அழாதவள் நான்.

"ஒண்ணும் ஆவாதும்மா. டெய்லி போற ரோடுதான்" என்றார் மாமா. துண்டு எங்கோ விழுந்திருந்தது. அவர் தலை என் தோளில் கிடந்தது. என்னை ஐந்தடி தள்ளி நிற்கவைத்த மனிதர் அவர்தான் என்பது அவருக்கே மறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே வாழ்ந்துவிட்டால் எந்த ஆபத்தும் வீட்டு ஆளாகிவிடுகிறது, நாம் அதற்குப் பாய்கூடப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். முகம் தெரியாததுதான் பேயாக நிற்கிறது. உலகத்துக்கே என்ன நேரும் என்று பெரிய பெரிய ஆட்கள் கணக்குப் போடுகிறார்கள். போடட்டும். மிஸஸ் டானும் மாமாவும் நானும் போட்ட கணக்கில் ஒன்றுகூடச் சரியில்லை.

வெயில் காய்ச்சல்தான் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். மறுநாள் சேகர் முதல் முடிச்சைப் போட்டுக் கையை எடுத்ததும் மண்டபமே மாமாவைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கற? முடிச்சப் போடு, நேரம் போவுது!"

குனிந்தேன். மணப்பெண் கலா தலையைத் தூக்காமலே முணுமுணுத்தாள்: "அண்ணி, நல்லா இறுக்கிப் போடுங்க." இரண்டு முடிச்சையும் இறுக்கினேன். புதுக் கயிற்றின் மஞ்சள் இரண்டு கையிலும் அப்பிக்கொண்டது.

அடுத்த நாளே சிங்கப்பூர் விமான நிலையத்தில் சூடு பார்க்கும் கேமரா முன்னால் வரிசையில் நின்றேன். முகமூடி போட்ட அதிகாரி என் மஞ்சள் விரல்களைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றார். "கல்யாணம்" என்றேன். "வாழ்த்துகள்" என்றார், மணப்பெண்ணே நான்தான் என்று நினைத்து. திருத்தவில்லை. கடந்த பத்து நாளில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்ட படிவத்தில் திருவண்ணாமலை என்று எழுதினேன். வீட்டு முகவரி என்ற இடத்தில் சிங்கப்பூர் அடுக்குமாடியின் எண்ணை எழுதினேன். வியர்த்த கட்டைவிரல் அதன்மேல் மஞ்சளாகப் பதிந்தது. அதிகாரி அதையும் சேர்த்தே முத்திரை குத்தித் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.