திருவிழா நாளில் அளந்த இரைச்சல்

ஒரு குன்றை உடைப்பதற்கு முன், அதன் அடிவாரத்தில் ஏற்கெனவே எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். குவாரி எழுப்பக்கூடிய இரைச்சலின் வரம்பு அந்த அளவை வைத்தே முடிவாகும். அமைதியான இடம் என்றால் வரம்பு கடுமையாகும். இரைச்சலான இடம் என்றால் தளரும். நியாயமான விதிதான். அதை எவ்வளவு எளிதாக வளைக்கலாம் என்பதைப் பட்டம் பெற்றுச் சேர்ந்த முதல் வேலையிலேயே கண்டேன்.

எங்கள் அலுவலகம் லிட்டில் இந்தியா என்ற தமிழர் கடைத்தெருவில், ஒரு நகைக்கடையின் மாடியில் இருந்தது. சிறு குவாரிகளுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் திட்டம் எழுதி, அரசு அனுமதி பெற்றுத் தருவது எங்கள் தொழில். புக்கிட் மெர்தாஜாம் நகருக்கு வெளியே திறக்கவிருந்த ஒரு கருங்கல் குவாரிக்காக, ஒலிமானியோடு என்னை அனுப்பினார் முதலாளி. குன்றுக்கு மிக அருகிலிருந்த வீட்டின் வாசலில் கருவியை நிறுத்தியபோதுதான் தெரிந்தது, அன்று அந்தக் குடியிருப்பின் அம்மன் கோயில் திருவிழா. ஒலிபெருக்கி அலறியது. உறுமி மேளக் குழுக்கள் ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டிருந்தன.

அந்த வீட்டு அக்கா, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தரமாக இரவு வேலை பார்ப்பவர். காலையில் வந்து படுத்தால் பிற்பகல்வரை உறங்குவார். கணவர் இல்லை, பிள்ளைகளின் படிப்பு முழுவதும் அந்தப் பகல் தூக்கத்தை நம்பியிருந்தது. நான் வந்த காரியத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“இன்னிக்குப் பாத்து அளக்க வந்தியே தங்கச்சி! திருவிழா முடிஞ்சு வா. என் குறட்டைதான் கேக்கும்.”

முதலாளியைத் தொலைபேசியில் அழைத்து, வேறொரு நாள் வருகிறேன் என்றேன். போனதுதான் போனாய், அளந்துகொண்டே வா என்றார். அளந்தேன். திருவிழா நாளில் எடுத்த அளவு இது, வரம்புக்கு இதை அடிப்படையாகக் கொள்ளக் கூடாது என்று அறிக்கையில் எழுதினேன். அச்சாகி வந்தபோது அந்த வரி இல்லை. படிப்பவர்களைக் குழப்பும் என்று நீக்கிவிட்டாராம். நான் விடாமல் வாதாடியதற்குக் கிடைத்த பலன், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளை.

கூட்டம் குடியிருப்பின் பொது மண்டபத்தில் மலாய் மொழியில் நடந்தது. இவ்விடம் ஏற்கெனவே இரைச்சலானது, காலை ஏழு மணிக்குக் கல்லுடைக்கும் இயந்திரம் ஓடினாலும் வேறுபாடு தெரியாது என்று அனுமதி வழங்கும் அரசு அதிகாரியிடம் விளக்கினார் முதலாளி. நெற்றியில் திருநீறு இல்லாமல் அலுவலகப் படியேறாத மனிதர் அவர். அம்மனுக்கு அடித்த மேளத்தையே அந்த மக்களுக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டு, நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

அக்கா எழுந்து அவரிடம் தமிழிலேயே கேட்டார்.

“எங்க ஆத்தா வருசத்துக்கு ஒரு தடவதான் சார் வெளிய வர்றா. ஒங்க மெஷினு டெய்லி ஓடும் லா. ரெண்டும் ஒண்ணா?”

நான் எழுந்தேன்.

“உக்காரும்மா,” என்றார் முதலாளி, பல்லைக் கடித்தபடி.

உட்காரவில்லை. அளந்தவள் நான்தான் என்றும், அன்று திருவிழா என்றும் அதிகாரியிடம் மலாயில் சொன்னேன். வேறொரு நிறுவனம் சாதாரண நாளில் மீண்டும் அளக்கட்டும், அதுவரை அனுமதி இல்லை என்றார் அவர். என் வேலை மண்டபத்து வாசலிலேயே போயிற்று. அதற்காக நான் வருந்தவில்லை.

சில வாரங்கள் கழித்து அக்கா ஒரு குரல்பதிவு அனுப்பினார். தொடக்கம் முதல் மண்வாரி இயந்திரத்தின் உறுமல். கடைசியில் அவர் குரல். “இத யாரு அளக்கப்போறா தங்கச்சி?”

குவாரிக்குத்தான் அனுமதி இல்லை. குன்றுக்குப் பாதை வெட்டக் குவாரிக்காரர்கள் தனி அனுமதி வாங்கியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கே வேலை தொடங்கிவிடுகிறது. புதிய நிறுவனம் இப்போது வந்து அளந்தால், இந்த உறுமலும் அவ்விடத்தின் ‘ஏற்கெனவே உள்ள சத்தம்’ ஆகிவிடும். மேளத்தின் இடத்தை மண்வாரி பிடித்துக்கொள்ளும். இம்முறை எந்த வரியையும் நீக்க வேண்டிய தேவைகூட இல்லை. எல்லாம் முறைப்படியே நடக்கிறது. என் ஆத்திரமெல்லாம் அந்த முறையின் மீதுதான்.

இயந்திரங்களை முழுமையாக நிறுத்திய பிறகே அளக்க வேண்டும் என்று அதிகாரிக்கு எழுதினேன். கடிதம் கிடைத்தது என்ற பதில் மட்டும் வந்தது. நேரில் போனேன், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். நாளையும் போவேன்.

இதற்கிடையில், வேலை நேரத்தில் கண்ணயர்ந்ததற்காக அக்காவுக்குத் தொழிற்சாலையில் முதல் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள். குவாரி இன்னும் திறக்கவே இல்லை.