ஒரு டம்ளர் கசாயமும் கேப்டனின் மூச்சும்

தொண்ணூறுகளின் தொடக்கம். காணும் பொங்கலன்று மத்தியானம், செம்பாக்கம் ஏரியை ஒட்டிய மைதானம். எங்கள் கபடி அணியில் ஆறு பேர் வந்திருந்தார்கள். கேப்டனின் அக்கா வந்திருந்தார். மறைமலை நகர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து, கம்பெனி அணிக்கு ஆள் எடுக்க ஒரு மேனேஜரும் வந்திருந்தார். வராதது ஏழாவது ஆள் மட்டும்தான். அவன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தான். அதனால் அதுவரை எல்லாருடைய சட்டைக்கும் காவல் இருந்த நான், முதல் தடவையாகக் கோட்டுக்குள் இறங்கினேன்.

கேப்டன் குரோம்பேட்டையில் தினக்கூலி. அப்பா இல்லை. அக்கா காலையில் இட்லி விற்றுக் குடும்பத்தை ஓட்டினார். மேனேஜருக்குப் பிடித்துவிட்டால் கேப்டனுக்கு நிரந்தர வேலை. ஆனால் மார்கழிப் பனியில் அவருக்குச் சளி பிடித்துக்கொண்டது. கபடியில் எதிரணிக்குள் போனால் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே திரும்ப வேண்டும். பாட்டு நின்றால் அவுட். அவருக்கோ நாலு முறை 'கபடி' சொல்வதற்குள் இருமல் வந்தது.

டாக்டர், இது தானாகச் சரியாகும், ஓய்வெடு, வெந்நீர் குடி என்று அனுப்பிவிட்டார். மிச்சத்தை அக்கா கையில் எடுத்துக்கொண்டார். மிளகு, சீரகம், சுக்கு, மஞ்சள் எல்லாம் தட்டிப் போட்டு, கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்து, தினமும் சாயங்காலம் மைதானத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தார். கேப்டனுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். நாங்கள் அத்தனை பேரும் ஒரே துண்டில் முகம் துடைப்பது வழக்கம். அணியின் ஒற்றுமை அதில் இருப்பதாக எங்களுக்கு நினைப்பு. அக்கா அந்தத் துண்டைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டார். உங்கள் சளி ஊர்சுற்றி மறுபடி என் தம்பிக்கே வரும் என்று திட்டினார்.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவன் நான். கிருமியோடு சண்டை போடுவது நம் உடம்புதான் அக்கா, மிளகும் மஞ்சளும் அதற்குக் கொஞ்சம் உதவி பண்ணும், அவ்வளவுதான் என்று விளக்கினேன்.

"உதவி பண்ணுதா இல்லியா? அப்போ பேசாம குடி" என்றார்.

ஏழாவது ஆள் மட்டும் டம்ளரை வாங்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் ஊற்றுவான். கேட்டால், "மச்சான், மரத்துக்கும் பனி ஒத்துக்கல" என்பான். போட்டிக்கு முதல் நாள் படுத்தான். அதனால்தான் படுத்தான் என்று நான் சொல்லமாட்டேன். அக்கா சொல்வார்.

போகிக்குள் கேப்டனுக்குத் தொண்டை தெளிந்துவிட்டது. பயம்தான் தெளியவில்லை. கசாயமே இவ்வளவு செய்தால் முழு மிளகு எவ்வளவு செய்யும் என்று, யாருக்கும் சொல்லாமல் நாலைந்து மிளகைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு இறங்கினார். முதல் பாட்டிலேயே எதிரணிக்காரன் காலைப் பிடித்தான். கேப்டன் வேகத்தில் பல்லைக் கடித்தார். மிளகு உடைந்து தொண்டையில் ஏறியது. பாட்டு நின்றது. கண்ணில் தண்ணீர் வர இருமினார். அவுட்.

"இன்னா நைனா, பொங்கலை இன்னும் மென்னுகினே கீறியா?" என்று எதிரணியில் ஒருவன் கேட்க, மைதானமே சிரித்தது. மேனேஜர் பக்கத்தில் இருந்தவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா குரல் வந்தது. "குடிக்கத்தானேடா குடுத்தேன், கடிக்கவா குடுத்தேன்?"

அதன்பின் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நேரம் முடியப்போகிறது, இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். என்னைப் பாடிப் போகச் சொன்னார்கள். யாரும் என்னை ஒரு ஆளாக மதிக்காததே எனக்கு வசதியாகிவிட்டது. அசட்டையாக நின்றவன் முழங்காலைக் கால்விரலால் தொட்டுவிட்டு ஓடிவந்தேன். ஒரு புள்ளி. அதைவிட முக்கியம், அந்த ஒரு அவுட்டுக்கு, முதலில் வெளியே போன கேப்டன் மறுபடி உள்ளே வரலாம்.

அக்கா நீட்டிய வெந்நீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார் கேப்டன். அடுத்து அவர்கள் அனுப்பியவன் வெறுங்கையோடு திரும்பினான். கடைசிப் பாட்டு. கேப்டன் போனார். மூன்று பேர் ஒன்றாக விழுந்து அமுக்கினார்கள். அடியில் கிடந்த ஆள் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. மெலிதாக, ஆனால் அறுந்துபோகாமல், கபடி கபடி என்று. அந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே நகர்ந்து, ஒரு கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டார். அப்போதும் பாட்டை நிறுத்தவில்லை. மூன்று பேரும் அவுட், ஆட்டம் எங்களுக்கு என்று நடுவர் விசில் ஊதிய பிறகும் பாடிக்கொண்டிருந்தார். நாங்கள்தான் தோளில் தூக்கி நிறுத்தினோம்.

மேனேஜர் நேரே வந்து, திங்கட்கிழமை கம்பெனிக்கு வா தம்பி என்றார். அக்கா அந்த இடத்திலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஓய்வா, துண்டைப் பிடுங்கியதா, கசாயமா, எது அந்த மூச்சைக் காப்பாற்றியது என்று படித்த எனக்கு இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு வேலைக்கு எத்தனை சிபாரிசு, எவ்வளவு பணம் என்று யாராவது மலைத்துப் பேசும்போதெல்லாம், என் கேப்டனின் நிரந்தர வேலைக்காக அந்தக் குடும்பம் செய்த செலவை நிமிர்ந்து நின்று சொல்கிறேன்: மிளகு, சீரகம், சுக்கு, மஞ்சள், கருப்பட்டி எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு ரூபாய்.