பெரியப்பா சுழி பார்த்த கைக்கடிகாரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் உத்தியோகம் போக இருந்தது. காரணம், என் ரிஸ்ட் வாட்ச்.

அந்த வாட்சை உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்திரிகைப் பக்கத்திலேயே நாலைந்து தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். தங்க முலாம், சதுர முகம், கறுப்பு ரிப்பன் பட்டை. சுவிஸ் சரக்கு, பதினைந்து கல் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். சேலத்துக்கு வாத்தியாரம்மாவாக வந்த இரண்டாம் வருஷம், என் சம்பளத்தில் நானே வாங்கியது. அதைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடும். கூடட்டுமே... யாருக்கு நஷ்டம்?

பெரியப்பாவுக்கு நஷ்டமாம்.

திருச்செங்கோட்டுப் பக்கம் காடு தோட்டம் உள்ளவர். மாடு பார்ப்பதில் மகா கெட்டிக்காரர். பல்லைப் பிடித்து வயசு சொல்வார். மேலே இருக்கும் மயிர்ச் சுழியைப் பார்த்துக் குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்பார். அவரைக் கேட்காமல் சுற்றுவட்டாரத்தில் யாரும் எருது வாங்குவதில்லை. நான் வேலைக்குப் போவதுதான் அவர் பார்த்ததிலேயே மோசமான சுழி. அப்பா காலமான பிறகு மூன்று மாதத்துக்கொரு தடவை வந்து, "போதும் கண்ணு, ஊட்டுக்கு வா" என்பார்.

இந்தத் தடவை வந்தவர் கண்ணில் வாட்ச் பட்டது. கழற்றச் சொன்னார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். காதில் வைத்தார். திருப்பிப் போட்டு முதுகைத் தடவினார். வாயைத் திறந்து பல்லை எண்ணாததுதான் பாக்கி.

"ஏங்கண்ணு, இது போலியாட்டம் இருக்குதே."

"இல்லீங்க பெரீப்பா. சுவிஸ்ங்க."

"பேருல ஒரு எழுத்து கோணையா நிக்குது பாரு. எனக்கு இங்கிலீசு தெரியாது. கோணல் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. "ஒரு கெடியாரத்துல ஏமாந்தவ டவுன்ல தனியா எப்பிடிப் பொழைப்பே? இது போலின்னா, வேலைய உட்டுட்டு எங்கூட வந்தர்றயா?"

"சரிங்க" என்றுவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று போன வாரந்தான் வகுப்பில் விளக்கியிருந்தேன்...

கடைவீதியில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் இருக்கிறார்; அவரிடம் போனோம். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, சின்னக் கத்தியால் முதுகு மூடியை நெம்பித் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பதினஞ்சு கல்லுன்னு போட்டிருக்குதுங்க. உள்ள ஏழுதான் இருக்குது."

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "தோட்டுக் கல்லாட்டங்களா?"

"இல்லீங்க, சக்கரம் தேயாம இருக்க வெக்கறது." பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "முகத்துல இருக்கற பேரு மிஷின்ல இல்லீங்கம்மா. யாரோ மேல எழுதினது. சீமையில சண்டை வந்ததுலருந்து இப்பிடித்தான் நெறைய வருதுங்க."

"ஓட்டம்?" என்றேன்.

"ஓட்டம் சுத்தமுங்க. பேருதான் பொய்யி."

அழுகை வந்தது. உங்களிடம் ஒளிப்பானேன்? பெரியப்பா சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவர் மெதுவாக, பிரியமாகச் சொன்னார் — "பொட்டியக் கட்டு சாமி. மூணு மணி பஸ்ஸுக்குப் போயர்லாம்."

அந்தப் பிரியத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க பெரீப்பா, போன வருசம் தேர்ச் சந்தையில ஒரு மயிலைக் காளை புடிச்சீங்களே... சுழி சுத்தம், நாலு பல்லுன்னு ஊரையே கூப்பிட்டுக் காட்டினீங்க. ஏர்ல பூட்டினதும் அது என்ன பண்ணுச்சுங்க?"

பெரியப்பா ரிப்பேர்காரரைப் பார்த்தார். ரிப்பேர்காரர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"படுத்துக்குச்சு" என்றார் பெரியப்பா.

"அதுக்காகப் பண்ணையத்தையே உட்டுட்டீங்களா?"

"அது வேற கண்ணு."

"என்னங்க வேற? நீங்க பண்ணையத்த உடற அன்னைக்குச் சொல்லியனுப்புங்க. அன்னைக்கே நானும் வேலைய உடறனுங்க."

ஆண்பிள்ளை ஏமாந்தால் பழி சந்தையின் மேல். பெண்பிள்ளை ஏமாந்தால் பழி அவள் வாசற்படி தாண்டியதன் மேல். இது எந்த ஊர் நியாயம்? நான் ஏமாந்தது வாஸ்தவம். இனிமேலும் ஏமாறுவேன். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் மட்டும் யாரும் ஏமாற்ற மாட்டார்களாக்கும்.

"அந்தப் பேரை அழிச்சுத் தரட்டுங்களாம்மா?" என்று ரிப்பேர்காரர் கேட்டார். வேண்டாமென்று சொல்லி, கோணல் எழுத்தோடேயே கட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை வகுப்புப் பெண்களிடம் காட்டி, பதினைந்து என்று எழுதி ஏழு கல்லை வைத்து விற்பது எப்படி என்று பாடமே நடத்திவிட்டேன். பாடப் புத்தகத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

அது கிடக்கட்டும், ஞாயிற்றுக்கிழமையை முடிக்கிறேன். பெரியப்பாவோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அங்கே, பெட்ரோல் கிடைக்காத யுத்தகாலத்துக் கரி பஸ் புகைந்துகொண்டிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். எதிரே டிக்கெட் ஆபீஸ் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று தொங்கத்தான் செய்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"ஒரு காப்பி குடிக்க நேரமிருக்குதா? உன்ற கெடியாரத்துல மணி பாத்துச் சொல்லு கண்ணு."

சொன்னேன். காப்பியும் குடித்தார், பஸ்ஸும் பிடித்தார் — தனியாக.