பாட்டு வராத கேசட்

ஆடி பிறந்தால் நல்லதம்பியின் குழாய் ஸ்பீக்கரெல்லாம் கோயில் கொடைத் திருவிழாக்களுக்குப் போய்விடும். கல்யாணக் கச்சேரி கிடையாது என்பதால், துபாயிலிருந்து வந்த கீபோர்டு மட்டும் துணி போர்த்திக்கொண்டு கடையில் கிடக்கும். தென்காசியில் மைக்செட் கடை வைத்திருந்த அவன், எண்பத்தைந்தாம் வருஷ ஆடியில் அதைத் தூக்கிக்கொண்டு மேலகரத்தில் இருந்த ஞானபாக்கியத்தின் வீட்டுக்கு வந்தான்.

"சும்மாதான கெடக்கு. ஒங்க கை படட்டும் யக்கா" என்றான்.

ஞானபாக்கியம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத நல்லதம்பிக்குச் சின்ன வயதிலிருந்து சோறு போட்டவள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனால் நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளுக்கு வெகுநாளாக ஓர் ஆசை. சாரலும் காற்றும் அருவியும் கேட்டுக்கொண்டிருக்க, அடியில் ஒரே ஒரு சுரம் தரை மாதிரி கிடக்க வேண்டும். பாட்டு வேண்டாம், தாளம் வேண்டாம்.

முதலில் டேப்ரிக்கார்டரைக் குடைக்குள் வைத்து குற்றாலம் மெயின் அருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். போட்டுக் கேட்டால் அப்பளம் பொரிக்கிற சத்தம்!

"தள்ளி வாலே. அருவிய விட்டுத் தள்ளி நின்னாத்தான் அருவி கேக்கும்" என்றாள்.

அப்படித் தள்ளிப்போய்ப் பிடித்த சத்தத்தை வீட்டில் ஓடவிட்டுக் கீபோர்டில் உட்கார்ந்தாள். கீழ்ச்சுரக் கட்டை ஒன்றை அழுத்தி, அது எழும்பாமலிருக்கப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகினாள். சுருதி நிற்க ஆர்மோனியக்காரர்கள் செய்கிற வேலைதான். அந்தச் சுரத்துக்கு மேலே அவள் விரல் எப்போதாவது இன்னொன்றைத் தொடும். தொடாமல் எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்பதில்தான் அவள் வாசிப்பே இருந்தது. இரண்டு சத்தத்தையும் சேர்த்து நல்லதம்பி இன்னொரு கேசட்டில் பிடித்தான்.

பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி டீச்சர், பாட்டு எப்ப வரும்?" என்றாள். ஆனால் கேசட் முடிகிறவரை எழுந்து போகவில்லை.

"மெட்ராசுல கேசட் கம்பெனிக்காரரு ஒருத்தரு எனக்குத் தெரிஞ்சவரு. அட்டையில ஒங்க பேருதான் யக்கா" என்று சொல்லி நல்லதம்பி அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டு போனான். அந்தப் பேச்சில் அவள் மயங்கித்தான் போனாள். ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சாகாத பெயரல்லவா?

மறுவருஷச் சீசனில் குற்றாலம் கடைவீதியில் நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய சுரம் கேட்டது. அகமது கபீரின் கேசட் கடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அட்டையை வாங்கிப் பார்த்தாள். 'சாரல். இசை: நல்லதம்பி.' திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு பெயரே இல்லை.

"நம்ம தென்காசிக்காரன் போட்டது டீச்சர். நல்லா போவுது" என்றார் கபீர்.

அடுத்த பஸ்ஸில் தென்காசி போனாள். நல்லதம்பியின் கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, எம் பேரு எங்கலே?"

அவன் தலையைக் குனிந்திருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பாள். அவனோ உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"யக்கா எங்க வாசிச்சாவ? தீக்குச்சில்லா வாசிச்சுது!"

கடையே சிரித்தது. பெயரில் மட்டும்தான் நல்ல தம்பி! வீட்டுக்குள் நம்பிக் காட்டிய கைவேலையை நாலு பேர் முன்னால் கேலியாக்கிவிட்டான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பது வேறென்ன? பெயர் போனதைக்கூட அவள் தாங்கியிருப்பாள், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

அடுத்த ஆடியில் அவன் கீபோர்டோடு வாசலில் வந்து நின்றான். கம்பெனிக்காரர் இன்னொரு கேசட் கேட்கிறாராம். அவனே குச்சியைச் செருகிப் பலநாள் முயன்றிருக்கிறான். வெறும் இரைச்சல்தான் வந்திருக்கிறது.

"யக்கா, இந்தத் தடவ ஒங்க பேரப் பெருசாப் போட்டுருதேன்" என்றான்.

அவள் உள்ளே போனாள். காப்பி வரும் என்று அவன் கீபோர்டை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான். வந்தது தீப்பெட்டி. அதைக் கீபோர்டின் மேல் வைத்தாள்.

"இந்தா, பெட்டி நெறைய இருக்கு. எல்லாமாச் சேந்து வாசிக்கட்டும். கொண்டு போ."

கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்க ரெங்கம்மாள் வீட்டில்தான் நெருப்பு வாங்கினாள்.