சூசைக்கு ஏற்ற மழைக்கோட்டு

மழைக்கோட்டு விற்பவன் நல்ல மழை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் மழை எப்போது நிற்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறவர்கள். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் வலை, கயிறு, தூண்டில் முள், மழைக்கோட்டு விற்கும் கடை என்னுடையது. நானோ கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. தான் போகாத இடத்துக்குப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும்.

உள்ளே பெய்த மழை

எங்கள் ஊர் மழையில் குளிர் கிடையாது. ஐப்பசியிலும் புழுங்கும். ஆனாலும் நான் வருஷக்கணக்கில் தடித்த ரப்பர் கோட்டைத்தான் விற்றேன். வெளியே இருந்து ஒரு சொட்டு உள்ளே வராது. உள்ளே இருக்கிற வேர்வையும் வெளியே போகாது. நண்டு வலைக்குப் போகும் சூசை அதில் ஒன்று வாங்கினார். கூட்டாளி கப்பல் வேலைக்குப் போய்விட்டதால், சின்ன பைபர் வள்ளத்தில் தனியாகப் போகிறவர். ஒரு நாள் வலையைப் பாதி இழுத்திருக்கும்போது கோட்டுக்குள் வெந்து மயங்கி, வள்ளத்திலேயே கிடந்திருக்கிறார். பக்கத்து வள்ளக்காரர்கள்தான் எழுப்பிக் கூட்டி வந்தார்கள்.

மறுநாள் அவர் மனைவி பிலோமி அந்தக் கோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்துக் காட்டினார். “அண்ணாச்சி, வேர்க்காத கோட்டு ஒண்ணு பாத்துக் குடுங்க. இல்லன்னா வள்ளத்த வித்துருவேன். எனக்கு ஆளு இருந்தாப் போதும்.”

முதுகைப் பார்க்க ஆளில்லை

காற்றுப் போகும் என்று அட்டை கட்டிய மெல்லிய கோட்டுகளில் மூன்று மாதிரி வரவழைத்தேன். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வீட்டுக் குளியலறையில் நின்று, செம்பு செம்பாகத் தலையில் ஊற்றிப் பார்த்தேன். வலை இழுப்பதுபோல் கையைத் தூக்கினால் மூன்றிலும் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. முதுகுத் தையல் ஒழுகுகிறதா என்பதுதான் தெரியவில்லை. கழற்றும்போது எல்லாமே நனைந்துவிடுகிறது. நின்றபடி இருக்கும்போதே பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் வேண்டும். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, மகள் ஓசூரில். ஈரக் கோட்டோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் கடைக்கு வந்த சூசையிடம் சோதனையை மட்டும் பெருமையாகச் சொன்னேன். “அண்ணாச்சி, அங்கன காத்தும் இல்ல, அலையும் இல்ல. நீங்க குளிச்சிருக்கிய, அவ்வளவுதான்.”

பொத்தான்

மூன்றில் எடை குறைந்ததைக் கொடுத்து அனுப்பினேன். நாலாம் நாள் திரும்பி வந்தார். கோட்டின் முன்பக்கம் ஒரு பொத்தான்கூட இல்லை, கத்தியால் அறுத்திருந்தார். இழுக்கும்போது வலைக்கண்ணி பொத்தானில் மாட்டியிருக்கிறது. அலையில் வலை பின்னால் போக, இவரும் கூடவே கடலுக்குள் போகப் பார்த்திருக்கிறார். இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், பொத்தானை நான் அழகுக்குத்தான் பார்த்திருக்கிறேன். காபி வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

“வலைக்கு நண்டு எது, பொத்தான் எதுன்னு தெரியுமா, அண்ணாச்சி? மாட்டுனத இழுக்கும்.”

துவைகல்

அடுத்தது ஜிப் வைத்தது. ஜிப்புக்கு மேல் மூடுகிற துணிப்பட்டையும் உண்டு. வேர்வை தங்கவில்லை என்று சூசை சிரித்த முகமாகச் சொன்னார். இரண்டே வாரத்தில் ஒழுகியது. உப்புப் படிந்திருக்கிறதென்று பிலோமி அதைத் துவைகல்லில் போட்டு, பார் சோப்புத் தேய்த்து, மற்ற சட்டைகளைப் போலவே அடித்துத் துவைத்திருக்கிறார். உள்பூச்சு செதில் செதிலாக உரிந்துவிட்டது. அடிக்கக் கூடாது, சோப்பு ஆகாது, தினமும் நல்ல தண்ணீரில் நன்றாக ஊறவைத்து அலச வேண்டும் என்று அட்டையில் இங்கிலீஷில் இருந்தது. நான் எடுத்துச் சொல்லாதது என் தப்பு. அப்புறம் பிலோமியிடம் சொன்னேன்.

“குடிக்கதுக்கே தண்ணி கொடம் கொடமா வாங்குதோம். சட்டையத் தெனம் குளிப்பாட்ட நான் எங்க போவேன், அண்ணாச்சி?”

நாலு நாள்

அதற்கடுத்த கோட்டு வந்தது. ஆரஞ்சு நிறம், தூரத்திலேயே ஆள் தெரியும். அக்குளிலும், முதுகு மடிப்புக்கு அடியிலும் வலைத்துணி வைத்துக் காற்றுக்கு வழி விட்டிருந்தார்கள். மணிக்கட்டில் இறுக்கும் பட்டை. பூச்சு கிடையாது, துணியே தண்ணீர் விடாத ரகம், ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் உப்புப் போய்விடும். கையில் எடுத்தவுடனே இதுதான் என்று தெரிந்தது. அது வந்த பையிலேயே திரும்பப் போட்டு மேஜைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். கோட்டு வந்துவிட்டதா என்று கேட்கிற சாக்கில் சூசை தினமும் சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் உட்காருவார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற நேரமெல்லாம் கடையில் இருந்தேன். கொடுத்துவிட்டால் அப்புறம் யார் வருவார்?

அஞ்சாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. பழைய ரப்பர் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சூசை சொல்லாமல் போய்விட்டார் என்று பிலோமி வந்து சொன்னார். ஆரஞ்சுக் கோட்டை எடுத்துக்கொண்டு அவரோடு கரையில் போய் நின்றேன். மதியம் வள்ளம் வந்தது. கண் சிவந்து, உதடு வெளுத்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு சூசை இறங்கினார். கோட்டைப் பையோடு நீட்டி, இன்றைக்குத்தான் வந்தது என்றேன். அவர் பையைத் தடவிவிட்டு விரலைப் பார்த்தார்.

“இன்னைக்கு வந்த பையில இம்புட்டுத் தூசியா, அண்ணாச்சி?”

கார்த்திகை முழுக்க

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கார்த்திகை முழுக்க நல்ல மழை. கடையில் கூட்டம் இருந்தது, பேச்சு இல்லை. அந்தத் தூசிதான் காரணம் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். மார்கழியில் ஒரு தூறலில் நண்டுக் கூடையோடு எதிரே வந்தார், ஆரஞ்சுக் கோட்டில், முகம் தெளிவாக. என்மேல் கோபமா என்று கேட்டே விட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை.

“கோவமா? கோட்டுல ஒரு கொறையும் இல்ல, அண்ணாச்சி. அதான் கடைப்பக்கம் வர சோலியே இல்ல.”

நல்ல சரக்குக் கொடுத்தால் ஆள் தேடி வருவார் என்று சொல்கிறவன் எவனும் மழைக்கோட்டு விற்றிருக்க மாட்டான்.