கண்ணை மூடினால் தொலைந்துபோகும் கால்

ஆற்றுப் படித்துறையில் ஈரத்துணியோடு திரும்பும்போது வலதுகால் முட்டு திருகிக்கொண்டது. குழித்துறையில் ஆசிரியை வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெற்றோர் இல்லை, ஒரே அண்ணன் இலங்கையில். மடக்கிய முட்டு நிமிரவே மறுத்ததும் மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். முட்டுக்குள் கிழிந்திருந்த சவ்வை வெட்டி எடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் கஞ்சி கொண்டுவர ஆள் இருந்தது. எனக்கு ஆஸ்பத்திரிக் கஞ்சி.

வலி போய்விட்டது. நடந்தேன். ஆனால் பல மாதம் கழித்து, வேதக்கோயிலில் முழங்காலில் நின்று ஜெபத்துக்குக் கண்ணை மூடியதும், அந்தக் கால் எப்படி மடங்கியிருக்கிறது என்றே தெரியவில்லை. பக்கத்துப் பெண்ணின் மேல் சாய்ந்து விழுந்தேன்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி, வலதுகாலைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்துக்கொண்டு, "இடதுகாலையும் இதே அளவு மடக்குங்க" என்றார். சரியாகத்தான் மடக்கினேன். கண் திறந்து பார்த்தால் இரண்டும் வேறுவேறாக இருந்தன.

"கால் இருக்க நிலையைச் சொல்ற நரம்பு கொஞ்சம் அந்தச் சவ்வோட போயிருக்கும். பழகப் பழக மத்த நரம்பு கத்துக்கிடும். அதுவரைக்கும் கண்ணால பாத்துக்கிடுங்க."

அதற்குப் பிறகு ஜெப நேரத்தில் நான் மட்டும் விழித்திருந்தேன். குனிந்த தலைகள், மூடிய கண்கள். அத்தனை பேருக்கு நடுவில் நான் இருப்பதே யாருக்கும் தெரியாததுபோல் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அக்கா கோயிலிலிருந்து திரும்பும் வழியில் கேட்டார்: "டீச்சரே, என்னத்துக்கு ஜெபத்துல முழிச்சிட்டு இருக்கிய?"

"உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?"

"நான் ஓரக்கண்ணால பாத்தேன்" என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

அடுத்த வாரம் பக்கத்தில் வந்து முழங்காலில் நின்றார். "எனக்க கையப் பிடிச்சுக்கிடுங்க. இனி கண்ண மூடுங்க."

மூடினேன். ஜெபத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. யாராவது என் கையைப் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆமென் சொன்ன பிறகும் விட மனம் வரவில்லை. அவராகத்தான் மெல்ல விடுவித்துக்கொண்டார்.

மழை தொடங்கியதும் மகளின் பேறுகாலத்துக்கென்று அக்கா திருவனந்தபுரம் போய்விட்டார். நான் சுவரோரமாக இடம் மாற்றிக்கொண்டேன். தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டால் கண்ணை மூட முடிந்தது.